பூவா தலையா போட்ட டாக்டர்

லேபில் ஒரு சோதனை செய்யறோம். ரீடிங் எதிர்பார்த்தபடி வந்துவிட்டால் என்ன செய்வோம்? ரெக்கார்டில் எழுதிவிட்டு கேன்டீனுக்குக் கிளம்பிவிடுவோம். எதிர்பார்த்தபடி வராதபோதுதான் கனெக்‌ஷனை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். சரியா வந்த ரீடிங்கை யாராவது சந்தேகப்பட்டதுண்டா? லேபில் இந்தப் பழக்கத்தால் போவது ரெண்டு மார்க். குறைமாதக் குழந்தைகள் வார்டில் இதே பழக்கம் இருந்தால் என்ன போகும்? இந்தக் கேள்வியைக் கேட்டே வாழ்ந்து முடித்த ஒருத்தரின் கதைதான் இந்த மாதம்.

பெயர் வில்லியம் சில்வர்மேன். குழந்தை மருத்துவம் படிக்கிற அக்காவோ அண்ணனோ உங்க வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்க, சில்வர்மேன் ஸ்கோர்னு உடனே சொல்லுவாங்க. பிறந்த குழந்தை எவ்வளவு கஷ்டப்பட்டு மூச்சு விடுகிறது என்பதை அளக்கும் கணக்கு அது. அந்த ஸ்கோர் எப்படிப் பிறந்தது என்பதே தனிக்கதை, பிறகு வருகிறேன்.

சில்வர்மேன் 1917 அக்டோபரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். வளர்ந்தது லாஸ் ஏஞ்சலஸில். சான் ஃபிரான்சிஸ்கோவில் மருத்துவம் படித்து 1942-இல் டாக்டர் ஆனார். பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேபீஸ் ஹாஸ்பிடலுக்கு வந்தார். பேரே குழந்தைகள் ஆஸ்பத்திரிதான். அங்கே குறைமாதக் குழந்தைகள் வார்டு அவர் பொறுப்புக்கு வந்தது.

அந்தக் காலத்து வார்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. நாற்பது வாரம் வயிற்றில் இருக்க வேண்டிய குழந்தை முப்பது வாரத்திலேயே வெளியே வந்துவிடுகிறது. எடை ஒன்றரை கிலோ கூட இருக்காது. நுரையீரல் இன்னும் தயாராகவில்லை. தோல் மெல்லிசு, உடம்பில் கொழுப்பே இல்லை, சூடு நிற்காது. வென்டிலேட்டர் கிடையாது. டாக்டர் கையில் இருந்தது ஒரு இன்குபேட்டர், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், பால் ஊட்ட ஒரு மெல்லிய குழாய், புதிதாக வந்திருந்த சில ஆன்டிபயாடிக்குகள். இதை வைத்துக்கொண்டு எதையாவது செய்து காப்பாற்றியே ஆகணும் என்ற தவிப்பு எல்லாருக்கும் இருந்தது. எதைச் செய்தாலும் நல்லதுதானே என்ற நம்பிக்கையும் கூடவே இருந்தது.

அப்போதுதான் குழந்தைகளுக்குக் கண் போக ஆரம்பித்தது.

நூறு காரணம், பதில் இல்லை

1942-இல் பாஸ்டனில் தியோடர் டெர்ரி என்ற கண் மருத்துவர் இந்த நோயை முதலில் எழுதி வைத்தார். குறைமாதத்தில் பிறந்து பிழைத்த குழந்தைகளின் கண்மணிக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு சவ்வு. பார்வை சுத்தமாக இல்லை. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் உலகம் முழுக்க சுமார் 10,000 குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்தார்கள். பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். 1950-இல் குறைமாதத்தில் பிறந்தவர்.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. வசதி இல்லாத ஆஸ்பத்திரிகளில் இந்த நோய் குறைவு. நல்ல இன்குபேட்டர், தேர்ந்த நர்ஸ்கள், காசுக்குக் குறைவில்லாத பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் அதிகம். காரணம் என்னவென்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வெளிச்சம் என்றார் ஒருவர், இரும்புச்சத்து என்றார் இன்னொருவர், விட்டமின் ஈ குறைவு என்றார் வேறொருவர். பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொருவர் கையிலும் தன் கருத்துக்கு ஆதாரமாக ஏழெட்டுக் குழந்தைகளின் கேஸ் ஷீட் இருந்தது.

1949-இல் அங்கே வேலை பார்த்த ஒரு பேராசிரியரின் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. அதன் கண்ணிலும் இந்த நோயின் ஆரம்ப அடையாளம் தெரிந்தது. அந்தச் சமயத்தில் கார்ட்டிசோன் வகை மருந்துகள்தான் மருத்துவ உலகின் புது ஹீரோ. மூட்டுவாதத்தில் படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடந்த செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்துகொண்டிருந்தது. உடம்பில் கார்ட்டிசோன் வகை ஹார்மோன்களைச் சுரக்கச் செய்யும் ஏசிடிஎச் என்ற மருந்தை சில்வர்மேன் அந்தக் குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்தார். கண் பிழைத்தது!

அப்புறம் என்ன, அறிகுறி தெரிந்த மற்ற குழந்தைகளுக்கும் அதே மருந்து. மொத்தம் 31 குழந்தைகள். அவர்களில் 25 பேருக்குப் பார்வை முழுசாகத் தப்பியது. இந்த மருந்து கொடுக்காத இன்னொரு ஆஸ்பத்திரியில் விசாரித்தால், அங்கே நோய் வந்த சில குழந்தைகளில் பெரும்பாலோர் பார்வை இழந்திருந்தார்கள்.

இந்த இடத்தில் நிறுத்தி யோசியுங்க. 31-க்கு 25. கிட்டத்தட்ட 80 சதவீத வெற்றி. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் இப்படி ஒரு ரிசல்ட் வந்தால் பேப்பர் எழுதி அனுப்பியே விடுவோம். சில்வர்மேனுக்கும் அவர் குழுவுக்கும் மருந்து வேலை செய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. அவருக்கு மூத்தவரான ரிச்சர்ட் டே மட்டும், இதை முறையாக ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று விடாமல் வற்புறுத்தினார்.

முறையாக என்றால்? நோய் தெரிந்த குழந்தைகளைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதிக்கு ஏசிடிஎச், மறு பாதிக்கு அது கிடையாது. எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்பதை டாக்டர் முடிவு செய்யக்கூடாது, பூவா தலையாதான் முடிவு செய்யணும். ஏன் அப்படி? டாக்டரிடம் விட்டால், தன்னை அறியாமலேயே தேறும்போலத் தெரிகிற குழந்தைக்குப் புது மருந்தைக் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் ரொம்ப மோசமான குழந்தையைப் பார்த்துப் பாவப்பட்டு அதற்குக் கொடுத்துவிடலாம். இரண்டிலுமே கணக்கு கெட்டுப்போகும். நாணயத்துக்கு இரக்கமும் கிடையாது, எதிர்பார்ப்பும் கிடையாது.

கேட்கவே கொடுமையாக இருக்கு இல்லையா? கண்ணைக் காப்பாற்றும் மருந்து கையில் இருக்கும்போது பாதிப் பேருக்கு அதைக் கொடுக்காமல் விடுவதா? வார்டில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

முடிவு வந்தது. மருந்து வாங்கிய குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பார்வை இழந்தது. வாங்காதவர்களில் இழந்தது ஐந்தில் ஒரு பங்குதான். இதோடு, ஏசிடிஎச் வாங்கிய பக்கத்தில் இறப்பும் கூடுதல். தானாகவே சரியாகிவிடும் குழந்தைகள்தான் அதிகம் என்பது அப்போதுதான் புரிந்தது. ஆரம்ப அடையாளம் தெரிந்த குழந்தைகளில் பத்துக்கு எட்டு எந்த மருந்தும் இல்லாமலே தேறிவிடும். அந்த 31-க்கு 25 என்பது இயற்கையின் கணக்கு. மருந்து அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டு போயிருந்தது, அவ்வளவுதான்.

முதல் குழந்தை பிழைத்த சந்தோஷத்தோடு நிறுத்தியிருந்தால், இந்த மருந்து உலகம் முழுக்கப் போயிருக்கும். எத்தனை குழந்தைகளைக் கொன்றது என்றுகூட யாருக்கும் தெரிந்திருக்காது. இந்த எண்ணம் சில்வர்மேனைக் கடைசி வரைக்கும் விடவில்லை.

ஆக்சிஜன்

அப்போ கண் போனதற்கு உண்மையான காரணம்தான் என்ன? நல்லது என்று எல்லாரும் தாராளமாகக் கொடுத்த ஆக்சிஜன்.

இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் கண்ணின் நடுப்பகுதியில் தொடங்கி ஓரத்தை நோக்கி வளரும். ஓரம் போய்ச் சேர நாற்பது வாரம் ஆகும். முப்பது வாரத்தில் பிறந்த குழந்தைக்கு வேலை பாதியில் நிற்கிறது. அந்த நேரத்தில் ஆக்சிஜன் அளவுக்கு மீறி வந்தால், இங்கே ஏற்கெனவே போதுமான சப்ளை இருக்கிறது என்று உடம்பு ஏமாந்து நாளங்களை வளர்ப்பதையே நிறுத்திவிடும். சில வாரங்கள் கழித்து விழித்திரை வளர்ந்து பசி எடுக்கும்போது சப்ளை போதாது. உடனே தாறுமாறாகப் புது நாளங்கள் முளைக்கும். அவை தழும்பாகிச் சுருங்கி விழித்திரையைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துவிடும். காற்றுப் புகாத உயர்தர இன்குபேட்டர் வைத்திருந்த பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆக்சிஜன் அடர்த்தி நன்றாக ஏறி நின்றது. ஓட்டை இன்குபேட்டர் வைத்திருந்த ஏழை ஆஸ்பத்திரிகளில் அது கசிந்து போய்விட்டது. விசித்திரத்துக்கு விடை இவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் கேட் கேம்பெல் 1951-இல் ஆக்சிஜன் மேல் சந்தேகத்தை எழுதினார். இங்கிலாந்தில் மேரி கிராஸும் அதையே கவனித்தார். வாஷிங்டனில் ஆர்னால் பாட்ஸ் என்ற இளம் கண் மருத்துவர் குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆக்சிஜனைக் குறைத்துப் பார்த்தார். இரவு ஷிப்டில் இருந்த சில நர்ஸ்களுக்கு மனசு கேட்கவில்லை. குழந்தை மூச்சுக்குத் தவிக்குமே என்று யாருக்கும் தெரியாமல் வால்வைத் திறந்து வைத்தார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியுமா? அன்றைக்கு ஆக்சிஜன் என்றால் உயிர்.

சந்தேகத்தைத் தீர்க்க 1953 ஜூலையில் அமெரிக்காவின் 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. ஒன்றரைக் கிலோவுக்குள் பிறந்த குழந்தைகள். முதல் மூன்று மாதம் மூன்றில் ஒரு குழந்தைக்கு வழக்கம்போல தாராள ஆக்சிஜன், மற்ற இருவருக்குத் தேவைப்படும்போது மட்டும். 1954 செப்டம்பரில் முடிவு வெளியானது. ஆக்சிஜன்தான் குற்றவாளி. குறைத்துக் கொடுத்ததால் இறப்பு கூடவில்லை என்றும் அந்த ஆய்வு சொன்னது. உலகம் முழுக்க வால்வுகள் மூடப்பட்டன. பார்வை இழப்பு சடசடவென்று குறைந்தது.

கதை சுபமாக முடிந்த மாதிரி தெரிகிறதா? இந்த ஆய்வில் ஒரு சின்ன விதி இருந்தது. அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க: பிறந்து 48 மணி நேரம் ஆன குழந்தைகளைத்தான் ஆய்வில் சேர்த்தார்கள்.

யாரும் எதிர்பார்க்காத விடை

அடுத்தது சில்வர்மேனே நடத்திய ஒரு ஆய்வு. குறைமாதக் குழந்தைகளுக்குக் கிருமித்தொற்று வராமல் இருக்க பேபீஸ் ஹாஸ்பிடலில் பல வருடங்களாக பென்சிலினும் ஒரு சல்ஃபா மருந்தும் சேர்த்துக் கொடுத்து வந்தார்கள். அதற்குப் பதிலாக ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற வேறு ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது. பெரிய வித்தியாசம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. இருந்தாலும் சில்வர்மேன் குலுக்கல் போட்டே பிரித்தார். ஏசிடிஎச் கற்றுக்கொடுத்த பாடம்.

பழைய சல்ஃபா வாங்கிய பக்கத்தில் குழந்தைகள் வரிசையாக இறந்தார்கள். டாரதி ஆண்டர்சன், வில்லியம் பிளாங்க் போன்ற நோய்க்கூறு நிபுணர்கள் உடலைத் திறந்து பார்த்தபோது மூளையின் உள்பகுதி மஞ்சளாகக் கறை படிந்திருந்தது. மஞ்சள் காமாலை மூளைக்கு ஏறியிருந்தது. 1956-இல் இது வெளியானது. ஏன் என்பது மூன்று வருடம் கழித்து ஜெரார்ட் ஓடெல் என்ற ஆய்வாளர் சொன்னபோதுதான் புரிந்தது. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளை அல்புமின் என்ற புரதம் பிடித்து வைத்துக்கொள்ளும். சல்ஃபா அந்தப் புரதத்தில் இடம் பிடித்து பிலிருபினை வெளியே தள்ளிவிடுகிறது. பஸ்ஸில் சீட்டில் இருந்தவரை எழுப்பிவிட்டு இன்னொருவர் உட்கார்ந்த மாதிரி. எழுப்பப்பட்ட பிலிருபின் நேராக மூளைக்குள் போய்விடும்.

யோசித்துப் பாருங்க. அந்த ஆய்வில் புது மருந்துக்குத்தான் பரீட்சை. ஃபெயில் ஆனது பழைய மருந்து. பல வருடங்களாக, பாதுகாப்பு என்று நம்பி, எத்தனை குழந்தைகளுக்கு அதைக் கொடுத்திருப்பார்கள்! குறைமாதக் குழந்தை இறப்பது அன்றைக்குச் சாதாரணம் என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை. பக்கத்தில் ஒப்பிட இன்னொரு வரிசை இருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

ஸ்கோர் பிறந்த கதை

அப்போது இன்னொரு ஃபேஷனும் இருந்தது. மூச்சுத் திணறும் குழந்தையின் இன்குபேட்டருக்குள் தண்ணீர்ப் புகையை விடுவது. சளி இளகும், மூச்சு எளிதாகும் என்று நம்பினார்கள். சில்வர்மேனும் ஆண்டர்சனும் இதையும் குலுக்கலில் போட்டார்கள். ஆனால் மூச்சுத் திணறல் குறைந்ததா கூடியதா என்பதை எப்படி அளப்பது? கொஞ்சம் பரவாயில்லை, ரொம்ப மோசம் என்று எழுதினால் கணக்கில் சேர்க்க முடியாதே. அதனால் ஐந்து அடையாளங்களை எடுத்துக்கொண்டார்கள். நெஞ்சும் வயிறும் சேர்ந்து எழும்புகிறதா, விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளிழுக்கிறதா, நெஞ்செலும்பின் அடியில் குழி விழுகிறதா, மூக்குத்துளை விரிகிறதா, மூச்சு விடும்போது முனகல் கேட்கிறதா. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. மொத்தம் 10. அதே மருத்துவ வளாகத்தில் வேலை பார்த்த வர்ஜீனியா ஆப்கர் 1953-இல் வெளியிட்ட ஸ்கோரில் 10 வாங்கினால் குழந்தை ஜோர். சில்வர்மேன் ஸ்கோரில் நேர் எதிர், 0 வாங்கினால்தான் நிம்மதி.

தண்ணீர்ப் புகையால் பலன் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. புகை போய்விட்டது. அதை அளக்கச் செய்த ஸ்கேல் மட்டும் இன்றைக்கும் வார்டுகளில் இருக்கிறது. கருவி தேடி வந்த இடத்தில் கருவியையே செய்துகொண்டார்கள். இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிறவங்க இதைக் கவனிக்கணும்.

இதற்கு அடுத்த ஆய்வுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. புகை வேண்டாம், காற்றின் ஈரப்பதம் மட்டும் அதிகமாக இருந்தால்? சில இன்குபேட்டர்களில் ஈரப்பதத்தைக் கூட்டியும் சிலவற்றில் குறைத்தும் வைத்தார்கள். ஈரமான பக்கம் குழந்தைகள் அதிகம் பிழைத்தார்கள். ஆக, ஈரப்பதம் நல்லது. முடிந்தது கதை என்று எழுதிவிடலாம். சில்வர்மேன் எழுதவில்லை. எதிர்பார்த்தபடி வந்த ரீடிங்கையே சந்தேகப்பட்டார். சார்ட்டைப் பார்த்தால், காய்ந்த காற்றில் இருந்த குழந்தைகளின் உடம்புச் சூடும் குறைவாக இருந்தது. நமக்குத் தெரிந்த விஷயம்தான். காற்று காய்ந்திருந்தால் தோலிலிருந்து நீர் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பானைத் தண்ணீர் குளிரும் அதே தத்துவம். ஒரு வேரியபிளை மாற்றினோம் என்று நினைத்தார்கள், இரண்டு மாறியிருந்தது.

காப்பாற்றியது ஈரமா, சூடா? அடுத்த ஆய்வு. இந்த முறை சூடு மட்டும் மாறும். ஒரு பக்கம் இன்குபேட்டர் சுமார் 29 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் சுமார் 32. வித்தியாசம் மூன்றே டிகிரி. 1958-இல் முடிவு வெளியானது. சூடான பக்கத்தில் நூற்றுக்குப் பதினைந்து குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்தார்கள்.

மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை. மூன்று டிகிரி. அதுவரைக்கும் குறைமாதக் குழந்தையின் உடம்பு கொஞ்சம் குளிர்ந்தே இருந்தாலும் பரவாயில்லை, ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தால் போதும் என்று பல டாக்டர்கள் நினைத்திருந்தார்கள். இதன்பிறகு சில்வர்மேனும் உடன் வேலை செய்தவர்களும் இன்னும் ஒரு படி போனார்கள். குழந்தையின் தோலில் ஒரு சென்சார், மேலே அகச்சிவப்பு விளக்கு. தோல் குளிர்ந்தால் விளக்கு கூடும், சூடானால் குறையும். நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் வரும் அதே ஃபீட்பேக் லூப். இன்றைக்கு எந்தப் பச்சிளங்குழந்தை ஐசியுவில் போய்ப் பார்த்தாலும் குழந்தையின் வயிற்றில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன வில்லையைப் பார்க்கலாம்.

48 மணி நேரம்

இப்போ அந்தச் சின்ன விதிக்கு வருவோம். குறைமாதக் குழந்தைகள் பெரும்பாலும் இறப்பது பிறந்த முதல் இரண்டு நாளில். 1953 ஆய்வு அந்த இரண்டு நாளைத் தாண்டியவர்களை மட்டும்தான் எண்ணியது. அதாவது, ஆக்சிஜனைக் குறைத்தால் இறப்பு கூடாது என்ற முடிவு, முதல் இரண்டு நாள் கண்டத்தைத் தாண்டிய குழந்தைகளுக்கு மட்டும் பொருந்தும். ஆனால் வார்டுகளில் அதை எல்லாக் குழந்தைக்கும், பிறந்த நிமிடத்திலிருந்தே கடைப்பிடித்தார்கள். 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் போகக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம் ஆனது. நுரையீரல் திறக்காமல் நீலம் பூத்துக் கிடந்த குழந்தைக்கும் அதே நாற்பதுதான்.

1973-இல் கென்னத் கிராஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இங்கிலாந்து, வேல்ஸ் இறப்புப் பதிவுகளை வைத்து ஒரு மதிப்பீடு போட்டார். ஒரு குழந்தையின் பார்வையைக் காப்பாற்ற ஏறக்குறைய 16 குழந்தைகளின் உயிர் போயிருக்கலாம் என்று வந்தது.

சில்வர்மேனுக்கு இது பெரிய அடி. முறைப்படி நடந்த ஆய்வு, நியாயமான குலுக்கல், சரியான விடை. ஆனால் கேட்ட கேள்வி குறுகலானது, அதற்குக் கிடைத்த விடையை எடுத்துப் பயன்படுத்திய இடமோ ரொம்பப் பெரிது. பார்வையை எண்ணினார்கள், முதல் 48 மணி நேர உயிர்களை எண்ணவில்லை. அவர் இதை யார் மேலும் பழியாகப் போடவில்லை. தன்னையும் சேர்த்து அந்தத் தலைமுறை முழுக்கச் செய்த பிழையாகத்தான் பார்த்தார். 1980-இல் இந்த ஆக்சிஜன் கதை முழுவதையும் தனிப் புத்தகமாகவே எழுதினார். வெற்றிக்கதையாக இல்லை, எச்சரிக்கைக் கதையாக.

1960-களின் கடைசியில் அவர் நியூயார்க்கை விட்டுக் கலிஃபோர்னியாவுக்குத் திரும்பிவிட்டார். சான் ஃபிரான்சிஸ்கோவில் கொஞ்ச காலம் வார்டு வேலை. பிறகு முழுக்க எழுத்துதான். மனிதர்கள் மேல் நடத்தும் ஆய்வுகளைப் பற்றி 1985-இல் ஒரு புத்தகம். மருத்துவ இதழ் ஒன்றில் மால்கன்டென்ட், அதாவது எதிலும் திருப்தி இல்லாதவன், என்ற புனைபெயரில் பத்தியும் எழுதி வந்தார். எல்லாரும் கைதட்டும் புதுச் சிகிச்சையைப் பார்த்து, ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்பதே அவர் வேலையாக இருந்தது. நண்பர்கள் எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்களோ!

அவர் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிய ஒரு முரண் உண்டு. ஒரு டாக்டர் தனக்குத் தோன்றிய புது மருந்தை வார்டில் இருக்கும் அத்தனை குழந்தைக்கும் கொடுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அதே மருந்தைப் பாதிப் பேருக்குக் கொடுத்து மற்ற பாதியோடு ஒப்பிடப் போகிறேன் என்றால் உடனே சோதனை எலியா என்ற கேள்வி வரும். உண்மையில் இரண்டுமே சோதனைதான். முதலாவதில் விடை எழுதும் தாளை மட்டும் கிழித்துப் போட்டுவிடுகிறோம்.

அதற்காகப் பெற்றோரை ஒதுக்கி வைக்கணும் என்று அவர் நினைக்கவில்லை. 1950-களில் பெற்றோரிடம் சம்மதம் வாங்கும் வழக்கமே பெரிதாகக் கிடையாது. பின்னாளில் அவர் எழுதியதில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான். மிகச் சிறிய, மிக நலிந்த குழந்தைக்கு எது வரைக்கும் சிகிச்சை என்பதைத் தீர்மானிக்கும்போது, அந்தக் குழந்தையை ஆயுள் முழுக்கத் தூக்கிச் சுமக்கப்போகும் அம்மா அப்பாவின் பேச்சு எடுபடணும். நமக்குத் தெரியாததைத் தெரியாது என்று அவர்களிடம் சொல்லணும். இந்த நிலைப்பாட்டால் சக டாக்டர்களோடு அவருக்குச் சண்டைகளும் வந்தன.

2004 டிசம்பரில், 87 வயதில், கலிஃபோர்னியாவில் இறந்தார். இதைப் படிக்கிற ஜூனியர்களில் பல பேர் அப்போது பிறக்கவே இல்லை.

அவருக்குப் பிறகும்

அவர் விட்டுப்போன கேள்வி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, ஸ்டீராய்டு. சில்வர்மேனின் குழந்தைகளுக்கு ஏசிடிஎச் கெடுதல் செய்தது அல்லவா? நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இருவர், குறைப்பிரசவம் ஆகும் நிலையில் இருக்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது என்று குலுக்கல் முறை ஆய்வால் காட்டினார்கள். 1972-இல் வெளியானது. இன்றைக்கு உலகம் முழுக்க அந்த ஊசிதான் எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. கிட்டத்தட்ட ஒரே குடும்பத்து மருந்துகள். ஒரு இடத்தில் விஷம், ஒரு இடத்தில் அமுதம். உட்கார்ந்து யோசித்தால் எது எது என்று சொல்லிவிட முடியுமா? காக்ரேன் என்ற உலகளாவிய மருத்துவ ஆதார அமைப்பின் சின்னத்தில் சில கிடைக்கோடுகள் இருக்கும். அவை இந்த ஊசி பற்றிய ஆய்வுகளின் முடிவுகள்தான்.

இரண்டு, மறுபடியும் ஆக்சிஜன். எவ்வளவு கொடுப்பது சரி? 2010-இல் அமெரிக்காவில் 1,316 குழந்தைகளை வைத்து நடந்த சப்போர்ட் என்ற ஆய்வு வெளியானது. ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவை ஒரு பக்கம் 85 முதல் 89 சதவீதத்திலும், மறுபக்கம் 91 முதல் 95 சதவீதத்திலும் வைத்தார்கள். குறைந்த பக்கத்தில் கடுமையான கண் பாதிப்பு 8.6 சதவீதம், கூடிய பக்கத்தில் 17.9. ஆனால் இறப்பு குறைந்த பக்கத்தில் 19.9 சதவீதம், கூடிய பக்கத்தில் 16.2. கண்ணா உயிரா என்ற அதே தராசு, அறுபது வருடம் கழித்து. இந்த முறை இரண்டு தட்டையும் எண்ணினார்கள். பெற்றோருக்கு ஆபத்தைப் போதுமான அளவு விளக்கவில்லை என்று 2013-இல் பெரிய சர்ச்சையும் வந்தது. சில்வர்மேன் இருந்திருந்தால் ஒரு பத்தி எழுதியிருப்பார்.

இது ஏதோ அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1996-இல் சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண்குழந்தைக்கு, உரிய நேரத்தில் கண் பரிசோதனை செய்யச் சொல்லாததால், இதே நோயால் பார்வை போனது. பெற்றோர் பதினெட்டு வருடம் வழக்கு நடத்தினார்கள். 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இப்போது குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்யணும் என்பது வழிமுறை. சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் மூலம் பார்வையைக் காப்பாற்றலாம். உங்க வீட்டிலோ தெருவிலோ ஒரு குழந்தை சீக்கிரம் பிறந்திருந்தால், கண் பரிசோதனை ஆச்சான்னு ஒரு வார்த்தை கேளுங்க. இந்தக் கட்டுரையால் அந்த ஒரு கேள்வி ஒரு வீட்டில் கேட்கப்பட்டாலே போதும்.

நம்மில் சிலர் நாளைக்கு மருத்துவக் கருவி செய்வோம். சிலர் சென்சார் டேட்டாவை வைத்து, எந்தக் குழந்தைக்கு எப்போது என்ன கொடுக்கணும் என்று சொல்லும் மென்பொருள் எழுதுவோம். முதல் 31 கேஸில் 25 சரியாக வரும். ஆபீஸில் கேக் வெட்டுவாங்க. அந்த நேரத்தில், ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் எத்தனை சரியாக வந்திருக்கும் என்று கேட்க ஒரு ஆள் வேணும். அந்த ஆளைக் கூட்டத்தில் யாருக்கும் பிடிக்காது. பரவாயில்லை, சில்வர்மேனையும் பல பேருக்குப் பிடிக்கவில்லை.